கிருபாபாய் சத்தியநாதன்: இறைப்பணியும் எழுத்துப்பணியும்

தமிழ் நாவலின் தோற்றம் பற்றிப் பேசத் தொடங்குவோர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையையே முதற்கண் நினைவுகூர்வர். 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. 1887இல் அவருடைய 'சுகுண சுந்தரி' அச்சேறியது. அதே 1887இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் 'சகுணா' என்னும் நாவல் தொடராக வரத் தொடங்கியது. முன்னதை இயற்றியவர் அறுபது வயதைக் கடந்த கத்தோலிக்கர். பின்னதை இயற்றியவர் இருபத்தைந்து வயது நிரம்பிய சீர்திருத்தச் சபைப் பெண்மணி. இருவரும் கிறித்தவர், இருவரும் பெண்கல்வியை வலியுறுத்தியவர். எனினும், முன்னது தமிழில் எழுதப்பெற்றது. பின்னது ஆங்கிலத்தில் எழுதப்பெற்றது. இவ்வொரு காரணத்தால் நம் இலக்கிய வரலாறுகள் கிருபாபாய் சத்தியநாதனை வாயிற்புறத்திலேயே நிறுத்திவிட்டன. அது முறைதானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

கிருபாபாய் 1862இல் மராட்டிய நாட்டின் அகமதுநகரில் பிறந்தார். தந்தையார் ஹரிபந்த் கிஸ்தி, பிராமண குலத்திலிருந்து கிறித்தவம் தழுவியவர். தாயார் இராதாபாய், கணவரைத் தொடர்ந்து புதிய சமயத்திற்கு வந்தவர். தந்தை இளமையிலேயே மறைந்தார். நூல்களின்பால் நாட்டத்தை ஊட்டி வளர்த்தவர் அண்ணன் பாஸ்கர். அவரும் இளவயதில் காலமானார். இவ்விழப்புகளெல்லாம் பின்னாளில் 'சகுணா'வின் பக்கங்களில் இடம்பெற்றன.

மருத்துவம் பயில வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். இங்கிலாந்து சென்று படிக்க வாய்ப்பு அமைந்தும் உடல்நிலை இடந்தரவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களுக்குத் தன் கதவைத் திறந்திருந்தது. 1878இல் கிருபாபாய் அங்குச் சேர்ந்தார். முதலாண்டிலேயே சிறந்த மாணவியாக விளங்கினார், ஆயினும் நோய் மீண்டும் குறுக்கிட்டது, படிப்பு நின்றது. மருத்துவராக வேண்டியவர் நாவலாசிரியரானது இந்த முறிவினால்தான் எனலாம்.

சென்னையில் அவர் தங்கியிருந்தது சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதன் இல்லத்தில். போதகரின் துணைவியார் அன்னாள் சத்தியநாதன், தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியக் குருவாகிய ஜான் தேவசகாயத்தின் மகள். சென்னையில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தியவர். வீட்டிற்குள்ளேயே வாழ்ந்த பெண்களைத் தேடிச் சென்று எழுத்தறிவித்தவர். 'நல்ல தாய்' என்னும் தமிழ்ச் சிறுநூலின் ஆசிரியர். சபை ஐக்கியமும், வீட்டு வழிபாடும், பெண்கல்வித் தொண்டும் ஒருங்கே நிகழ்ந்த அந்த இல்லம் கிருபாபாயின் இரண்டாம் பள்ளியாயிற்று. கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய அவ்வீட்டு மகன் சாமுவேலை 1881இல் அவர் மணந்தார்.

சாமுவேல் உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அங்கே கிருபாபாய், மிஷன் சங்கத்தின் உதவியோடு இசுலாமியச் சிறுமியர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். தோடர் குடியிருப்புக்குச் சென்றுவந்த அனுபவத்தைக் கட்டுரையாக்கி, 'ஓர் இந்தியப் பெண்மணி' என்னும் புனைபெயரில் வெளியிட்டார். அதன்பின் இராசமுந்திரி, கும்பகோணம் என வாழ்க்கை ஊர் மாறிக்கொண்டேயிருந்தது. 1886இல் சென்னைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே 'சகுணா' பிறந்தது.

இன்று ஒரு நாவல் வெளிவந்தால் வெளியீட்டு விழா, ஆய்வரங்கு, பாராட்டுரை என அதனைச் சுற்றி ஓர் அவை கூடுகிறது. 'சகுணா'வுக்கு வாய்த்த அவை ஒரு கல்லூரி இதழின் வாசகர் கூட்டமே. 1888 வரை அத்தொடர் நடைபெற்றது. கிறித்தவர் நடத்திய இதழில், கிறித்தவ வாசகரை நோக்கி எழுதப்பெற்ற நாவல் அது. அப்படியிருந்தும், தம்மை வளர்த்த மிஷன் உலகின் குறையை ஆசிரியர் மறைத்தாரில்லை. ஒரே ஆண்டவரைத் தொழுத ஐரோப்பியருட் சிலர் இந்தியக் கிறித்தவரைச் சமமாக நடத்தாமையைச் சகுணாவின் கண்கள் கூர்மையாகக் காண்கின்றன. ஐக்கியம் என்னும் சொல்லை நம்பியவருக்கே அதன் மீறல் நன்கு புலப்படும். புறத்தே நின்று தூற்றுபவரின் குரலன்று அது. பந்தியில் உடனமர்ந்தவரின் குரல். அதனாலேயே அதற்கு மதிப்பு மிகுதி.

இரண்டாம் நாவலாகிய 'கமலா' இன்னும் வியப்புக்குரியது. ஒரே குழந்தையைப் பறிகொடுத்த துயரும், தீரா நோயும் சூழ்ந்த காலத்தில் அது எழுதப்பெற்றது. நாசிக் பகுதியில், துறவு வாழ்க்கை வாழும் தந்தையால் வளர்க்கப்படும் கமலா, புகுந்த வீட்டில் சிறுமையுறுகிறாள், கைக்குழந்தையை இழக்கிறாள், கைம்மை எய்துகிறாள். அவளை நேசிக்கும் இராமச்சந்தர் மணம் புரிய முன்வருகிறான். அவள் மறுத்துவிடுகிறாள், தன் செல்வத்தை ஆதரவற்றோர்க்குச் செலவிட்டு வாழ்கிறாள்.

இங்கு நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. நற்செய்தி அறிவிப்பையே தொழிலாகக் கொண்ட குடும்பத்து மருமகள், தம் கதைத்தலைவியைக் கிறித்தவளாக்கவில்லை. மதமாற்றத்தில் முடித்திருந்தால் மிஷன் வட்டாரத்தில் அந்நூலுக்கு மேலும் வரவேற்பு கிடைத்திருக்கக்கூடும். கிருபாபாய் அந்த எளிய வழியைத் தேர்ந்திலர். பாத்திரத்தின் உள்ளம் எதுவோ அதற்கு உண்மையாக இருப்பதையே தம் கடமையெனக் கொண்டார். கமலா மறுமணத்தை மறுப்பது இன்றைய வாசகருக்கு ஏமாற்றம் தரலாம்; எனினும் அம்முடிவுக்கு முன் அவள் அடையும் ஊசலாட்டத்தை ஆசிரியர் பரிவோடு தீட்டியுள்ளார். பரப்புரைக்கும் படைப்புக்கும் இடையிலுள்ள கோட்டை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1894இல் 'கமலா' நூலாயிற்று. அவ்வாண்டிலேயே, முப்பத்திரண்டு வயதில், கிருபாபாய் மறைந்தார். 'சகுணா' 1895இல் நூற்பதிப்பாகக் கிடைத்தது. அவர் நினைவாகச் சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியர்க்கு உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. தாம் முடிக்க இயலாத படிப்பைப் பிற பெண்கள் முடிக்க அவர் பெயர் துணைநின்றது. சாமுவேல் பின்னர் மணந்த கமலா சத்தியநாதன், 1901இல் சென்னையிலிருந்து பெண்களுக்கென ஓர் ஆங்கில இதழைத் தொடங்கி நடத்தினார். ஆக, அந்த இல்லத்தில் எழுத்து ஒரு தலைமுறையோடு அற்றுப்போகவில்லை.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 'சகுணா', 'கமலா' ஆகிய இரு நாவல்களையும் 1896இல் சாமுவேல் பவுல் தமிழில் பெயர்த்தளித்தார். ராஜம் அய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' நூலாக வந்ததும் அதே ஆண்டில்தான். தமிழ் நாவல் நடைபழகிய நாளிலேயே இப்பெண்மணியின் குரல் தமிழில் ஒலித்துவிட்டது என்பது இதனாற் பெறப்படும். மராட்டியத்தில் பிறந்து, தமிழ்க் குடும்பத்தில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதிய ஒருவரை எந்த மொழியும் தன்னவர் என்று உரிமை கொண்டாடாமல் விட்டது நம் வகைப்பாட்டின் குறையேயன்றி அவர் குறையன்று.

பத்தாண்டுகள் கூடிப் படித்தும், பாடியும், விவாதித்தும் வந்துள்ள நம் வட்டத்திற்கு அவர் வாழ்க்கை ஒன்றை உணர்த்துகிறது. கூடி வாழும் அன்பு வேறு, கூட்டத்தாருக்கு உவப்பானதையே எழுதுதல் வேறு. முன்னதை அவர் இறுதிவரை பேணினார். பின்னதற்கு ஒருநாளும் இசைந்தாரல்லர். அவருடைய இரு நாவல்களின் தமிழாக்கங்களையும் நம் அடுத்த அமர்வுகளில் ஒன்றிலேனும் எடுத்துப் பயில்வோமாயின், வாயிற்புறத்தில் நின்ற அம்மையாரை உள்ளழைத்து இருக்கை தந்தவராவோம்.