குரல் சிதம்பரம், முகம் விழுப்புரம்

ஜப்பானில் கார்ட்டூன் படங்களுக்குப் பாடியே புகழ் பெற்ற இரட்டையர்கள் உண்டு. கிளாரிஸ் என்ற ஜோடி 2010-இல் முதல் பாட்டை வெளியிட்டபோது முகத்தையே காட்டவில்லை. அந்தப் பாட்டைக் கேட்ட பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் ஓடிய ஓவியம்தான். "அட, புதுசா இருக்கே" என்று நாம் ஆச்சரியப்படத் தேவையில்லை. பாடுகிறவர் மறைந்து நிற்பதும் வேறொரு முகம் வாயசைப்பதும் தமிழ் சினிமாவுக்குப் பழகிப்போன சங்கதி. அதில் ஒரு ஜோடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்களை யாரும் ஜோடி என்று சொன்னதில்லை. ஒருவர் பாடினார், இன்னொருவர் நடித்தார், அவ்வளவுதான்.

பாடியவர் சிதம்பரம் எஸ். ஜெயராமன். நடித்தவர் வி.சி. கணேசன், அதாவது சிவாஜி கணேசன். அந்த 'வி' என்பது விழுப்புரம். இன்றைக்கு இரண்டு ஊரும் வேறு வேறு மாவட்டம். ஆனால் 1993-இல் பிரிக்கப்படும் வரை சிதம்பரமும் விழுப்புரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம்தான், தலைநகர் கடலூர். விழுப்புரத்தில் ரயில் ஏறினால் கடலூர் வழியாகச் சிதம்பரத்தில் இறங்கிவிடலாம். அந்தக் கடலூர் மாவட்டத்துக்காரர்களே இதை அதிகம் சொல்லிக்கொள்வதில்லை என்பதுதான் வேடிக்கை!

ஜெயராமன் பிறந்தது 1917-இல். தில்லை நடராஜர் ஊரில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. தேவாரம், முத்துத்தாண்டவர் பதங்கள், நந்தனார் சரித்திரம் எல்லாமே அந்தக் கோயிலைச் சுற்றி வளர்ந்தவை. 1929-இல் அண்ணாமலை செட்டியார் பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1941-இல் அதே அண்ணாமலை நகரில்தான் தமிழிசை மாநாடு நடந்தது. அப்போது ஜெயராமனுக்கு வயது 24. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் சினிமாவில் தமிழில் பாடிக்கொண்டிருந்தார்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 1930-களில் இவர் மறைந்திருந்து பாடியவர் அல்ல. நடிகராகவே திரையில் வந்தவர். அப்போது பாடத் தெரிந்தால்தான் நடிக்க முடியும். பாகவதர், சின்னப்பா எல்லாம் அப்படி வந்தவர்களே. 1940-களில் பின்னணி பாடும் முறை மெல்ல மெல்ல வேரூன்றியதும், நடிப்பவருக்குப் பாட்டுத் தெரிய வேண்டிய அவசியம் போய்விட்டது. முகம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. ஜெயராமன் குரல் பக்கம் போனார்.

1944-இல் இவருடைய தங்கை பத்மாவதியை மணந்தவர் மு. கருணாநிதி. 1948-இல் மு.க. முத்து பிறந்த சில காலத்திலேயே பத்மாவதி இறந்துவிட்டார். (முத்துவும் பின்னாளில் சினிமாவில் நடித்துச் சொந்தக் குரலில் பாடினார். தாய்மாமனின் வாசனை என்று சொல்லலாம்.) கருணாநிதி வசனம் எழுதிய 'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வந்தது. கதாநாயகனாகக் கணேசனுக்கு அதுதான் முதல் படம். ஒல்லியாக இருக்கிறார், வேறு ஆளைப் போடலாம் என்று ஏவி.எம். தரப்பில் தயங்கினார்கள். பெருமாள் முதலியார்தான் இவர்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றார். அந்தப் புதுமுகத்துக்குப் பாடும் வேலை ஜெயராமனிடம் வந்தது.

கணேசனைவிட ஜெயராமன் சுமார் பதினோரு வயது மூத்தவர். குரலும் அப்படித்தான், கனமானது, கொஞ்சம் மூக்கோடு வருவது, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக வைப்பது. இளைஞன் குணசேகரனுக்கு இந்தக் குரல் எப்படிப் பொருந்தியது? காகங்களைப் பார்த்துப் பாடும் அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். உடுமலை நாராயணகவி எழுதியது, இசை ஆர். சுதர்சனம். எல்லாவற்றையும் இழந்து பைத்தியக்காரனாக நடிக்கும் ஒருவன் உலகத்தைக் கேலி செய்கிறான். இனிமையான இளங்குரல் அதைப் பாடியிருந்தால் வெறும் வேடிக்கைப் பாட்டாகப் போயிருக்கும். ஜெயராமன் குரலில் உள்ள வயது அதற்குக் கசப்பைக் கொடுத்தது. கணேசன் அந்தக் கசப்பை முகத்தில் வாங்கிக்கொண்டார். பாட்டு முதலில் பதிவாகிவிடும், படப்பிடிப்பில் அதை ஓடவிட்டு நடிகர் வாயசைக்க வேண்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நடிகரும் மூச்சு வாங்கினால்தான் நம்பும்படி இருக்கும். அந்த வித்தை சிவாஜிக்கு முதல் படத்திலேயே கைவந்திருந்தது.

அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆர். நடித்த 'நாம்' படத்துக்கு ஜெயராமன் இசையமைத்தார். அதற்கும் வசனம் கருணாநிதி.

பிறகு வந்தது 1954. 'தூக்குத் தூக்கி'க்கு ஜி. ராமநாதன் இசை. சிவாஜிக்குப் பாட டி.எம். சௌந்தரராஜனை அழைத்தார்கள். எனக்கு ஜெயராமன் பாடினால்தான் சரியாக இருக்கும் என்று சிவாஜி தயங்கினார் என்றும், டி.எம்.எஸ். பாடிக் காட்டியதைக் கேட்டபின் ஒப்புக்கொண்டார் என்றும் ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, முடிவு தெரிந்ததுதான். அதற்குப் பிறகு சிவாஜி என்றால் டி.எம்.எஸ்., டி.எம்.எஸ். என்றால் சிவாஜி என்று ஆகிவிட்டது.

இதை ஜெயராமனுக்கு நடந்த அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. அது முழு உண்மை அல்ல. சிவாஜி பின்னால் ஏற்ற வேடங்களின் வேகத்துக்கும் முழக்கத்துக்கும் டி.எம்.எஸ். குரல்தான் ஈடுகொடுத்தது. ஜெயராமனின் நிதானம் அங்கே பின்தங்கியிருக்கும். ஆனால் அந்த நிதானம் தேவைப்பட்டபோதெல்லாம் அவரைத் தேடித்தான் வந்தார்கள். 1956-இல் 'ரங்கோன் ராதா', 1957-இல் 'புதையல்'. புதையலில் பி. சுசீலாவோடு அவர் பாடிய கடற்கரைப் பாட்டு விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை. கரகரப்பான குரலுக்குக் காதல் வராது என்பவர்கள் அதைக் கேட்க வேண்டும். 1960-இல் 'தெய்வப்பிறவி' வந்தது. பராசக்தி, புதையல், தெய்வப்பிறவி மூன்றுக்கும் இயக்கம் கிருஷ்ணன் – பஞ்சு என்பது குறிப்பிடத்தக்கது.

அதே 1960-இல் வந்த 'பாவை விளக்கு'தான் இந்த ஜோடியின் உச்சம். அகிலனின் நாவல், கே.வி. மகாதேவன் இசை. கதாநாயகன் தணிகாசலம் ஓர் எழுத்தாளன். அவன் கத்தமாட்டான், மனசுக்குள்ளேயே பேசிக்கொள்வான். டி.எம்.எஸ். உச்சத்தில் இருந்த நேரத்தில் அவரை விட்டுவிட்டு ஜெயராமனை அழைத்தது சும்மா இல்லை. தாஜ்மகாலில் எடுத்த டூயட்டில் சிவாஜியின் நடையே மாறியிருக்கும். கை வீச்சு குறைவு, பார்வையில் கூச்சம். பாடும் குரல் நடிகனை எப்படி அடக்கி வைக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

சிவாஜி இல்லாமலும் ஜெயராமன் நின்றிருக்கிறார். 1958-இல் 'சம்பூர்ண ராமாயணம்'. சிவாஜி அதில் பரதன், இராவணன் டி.கே. பகவதி. முதல்நாள் போரில் ஆயுதம் இழந்து வெறுங்கையோடு திரும்பும் இராவணனின் அவமானத்தைப் பாடியவர் ஜெயராமன். வில்லனுக்காகப் பார்ப்பவர் மனம் இளகும் இடம் அது. 'இசைச்சித்தர்' என்ற பட்டம் அவருக்குப் பொருத்தமானதே.

1960-களில் திரைப்பாட்டு மெல்லிசையின் பக்கம் திரும்பியது. பி.பி. ஸ்ரீனிவாஸ் போன்ற மென்குரல்கள் வந்தன. ஜெயராமனுக்கு வாய்ப்புகள் குறைந்தன. 1995 ஜனவரி 29-இல் அவர் காலமானார். சிவாஜி 2001 ஜூலை 21-இல்.

தொலைக்காட்சியில் காகப் பாட்டு வரும்போது இன்றும் பலர், "டி.எம்.எஸ். என்னமா பாடியிருக்கார்!" என்கிறார்கள்.