பகுதி மதிப்பெண்: பிழையுள்ள விடைகளை மதிப்பிடும் முறையின் வரலாறு

பகுதி மதிப்பெண் என்பது, தேர்வில் எழுதப்பட்ட ஒரு விடை முழுவதும் சரியாக இல்லாவிட்டாலும், அதில் சரியாக அமைந்த பகுதிகளுக்கு வழங்கப்படும் மதிப்பெண் ஆகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இது படிநிலை மதிப்பெண் என்றும், பேச்சுவழக்கில் 'ஸ்டெப் மார்க்' என்றும் குறிப்பிடப்படுகிறது. இலங்கைத் தமிழில் மதிப்பெண்ணுக்குப் 'புள்ளி' என்ற சொல் வழங்குகிறது. இறுதி விடை தவறாக இருந்தும் ஒரு மாணவர் 5க்கு 4 பெறுவதும், அதே விடைக்கு வேறொரு திருத்துநர் 2 மட்டும் தருவதும் இம்முறையினால் நிகழ்கின்றன. தேர்ச்சி, உயர்கல்வி இடம், அரசுப் பணி ஆகியவை ஓரிரு மதிப்பெண்களில் முடிவாகும் நிலையில், இந்த வேறுபாட்டைக் குறைப்பதற்கான முயற்சிகளே இம்முறையின் வரலாறாக அமைந்துள்ளன.

கேம்பிரிட்ஜில் தோற்றம்

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டத்திற்கான தேர்வு பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்தது. மாணவர் ஒரு கருத்தை முன்வைத்து இலத்தீன் மொழியில் வாதிடுவார். மற்ற மாணவர்கள் அதை மறுத்துப் பேசுவர். நடுவர்கள் தம் ஒட்டுமொத்த மதிப்பீட்டைக் கொண்டு மாணவர்களைத் தர வரிசைப்படுத்தினர். இம்முறையில் பகுதி மதிப்பெண் என்ற கருத்துக்கே இடமில்லை. மதிப்பிடப்பட்டது மாணவரே அன்றித் தனித்தனி விடை அன்று.

கணிதப் பாடம் முதன்மை பெற்று, எழுத்துத் தேர்வு வளர்ந்தபோது இந்நிலை மாறியது. ஒவ்வொரு வினாவுக்கும் தனி மதிப்பெண் அளித்து அவற்றைக் கூட்டும் முறையை 1792இல் முன்மொழிந்தவராக வில்லியம் ஃபாரிஷ் குறிப்பிடப்படுகிறார். பொறியியல் வரைபடத்தில் பயன்படும் சமஅளவு வரைமுறையை விளக்கி எழுதியவரும் இவரே. விடைக்கு எண் அளிக்கத் தொடங்கியதும், அரைகுறையாக எழுதப்பட்ட விடைக்கு எவ்வளவு தருவது என்ற கேள்வி தானாகவே எழுந்தது.

19ஆம் நூற்றாண்டில் 'டிரைபாஸ்' எனப்பட்ட அத்தேர்வின் வினாக்கள் பல இரு பகுதிகளாக அமைந்தன. முதல் பகுதி பாடநூலில் உள்ள தேற்றத்தை நிறுவுவது. இரண்டாம் பகுதி அத்தேற்றத்தைப் பயன்படுத்தித் தீர்க்க வேண்டிய புதிய கணக்கு. முதல் பகுதியை மட்டும் எழுதியவருக்கும் அதற்குரிய மதிப்பெண் கிடைத்தது. பிரான்சிஸ் கால்டன் 1869இல் வெளியிட்ட நூலில் இத்தேர்வின் மதிப்பெண்களைத் தருகிறார். மொத்தம் 17,000 மதிப்பெண்களில் முதலிடம் பெற்றவர் 7,500க்குச் சற்று மேல் பெற்றார். சிறப்புப் பட்டியலின் கடைசி மாணவர் 300க்கும் குறைவாகவே பெற்றார். அறிவுத்திறன் மரபுவழி வருவது என்று வாதிடுவதற்காகக் கால்டன் இந்த எண்களைப் பயன்படுத்தினார். ஆயினும் அவை மற்றொன்றையும் காட்டுகின்றன: முதல் மாணவரே பாதி மதிப்பெண்ணை எட்டாத தேர்வில், சிறு சிறு பகுதிகளாகச் சேர்ந்த மதிப்பெண்ணே தர வரிசையை உருவாக்கியது. தர வரிசையை வெளியிடும் வழக்கம் 1909உடன் முடிவுக்கு வந்தது.

திருத்துநரின் பிழை

மாணவர் செய்யும் பிழையைப் போலவே திருத்துநர் செய்யும் பிழையும் அளவிடத் தக்கது என்பதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் பொருளியலாளரும் புள்ளியியலாளருமான பிரான்சிஸ் எட்ஜ்வர்த். 1888, 1890 ஆகிய ஆண்டுகளில் அரச புள்ளியியல் கழகத்தின் இதழில் இவர் எழுதிய கட்டுரைகள் இத்துறைக்கு அடித்தளமாகக் கருதப்படுகின்றன. வானியலாளர் ஒரே விண்மீனைப் பலமுறை அளந்து சராசரி காண்பதுபோல, தகுதியுள்ள பல திருத்துநர்கள் தரும் மதிப்பெண்களின் சராசரியே ஒரு விடைத்தாளின் உண்மை மதிப்பெண் என்று அவர் கொண்டார். பொதுத் தேர்வுகளில் வெற்றி பெற்றவர்களுள் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரு பங்கினர் மட்டுமே, அதே அளவு தகுதியுள்ள வேறு திருத்துநர்கள் அமர்த்தப்பட்டிருந்தாலும் உறுதியாக வென்றிருப்பர் என்பது அவரது கணிப்பு. இந்தியக் குடிமைப் பணிக்கு 1855 முதல் போட்டித் தேர்வு நடத்தப்பட்டு வந்த காலத்தில், இது நடைமுறையில் பெரும் பொருளுடைய முடிவாக இருந்தது.

கட்டுரை வகை விடைகளில் வேறுபாடு இருக்கலாம், கணிதத்தில் இருக்காது என்ற நம்பிக்கை 1913இல் தகர்ந்தது. அமெரிக்காவின் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகியோர் ஒரே வடிவியல் விடைத்தாளின் படியை நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பினர். 100க்கு வழங்கப்பட்ட மதிப்பெண்கள் 30க்குக் கீழே தொடங்கி 90க்கு மேல் வரை பரவியிருந்தன. முந்தைய ஆண்டு ஆங்கில விடைத்தாள்களைக் கொண்டு அவர்கள் நடத்திய ஆய்வில்கூட வேறுபாடு இவ்வளவு இல்லை. சிலர் கணிதத்தின் சரி தவறை மட்டும் பார்த்தனர். சிலர் எழுத்தின் தெளிவுக்கும் வடிவத்துக்கும் மதிப்பெண் குறைத்தனர். விடை சரியா என்பதில் எழாத கருத்து வேறுபாடு, தவறான விடையில் எவ்வளவு சரி உள்ளது என்பதில் எழுந்தது.

இங்கிலாந்தில் பிலிப் ஹார்டாக், ரோட்ஸ் ஆகியோர் 1935இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் அமைந்தது. ஹார்டாக், டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும், இந்தியக் கல்வி பற்றி 1929இல் அறிக்கை அளித்த குழுவின் தலைவராகவும் இருந்தவர். ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்கள் திருத்துநர்களிடம் தரப்பட்டன. ஓராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், அவர்களுள் 14 பேரிடம் அதே தாள்கள் மீண்டும் தரப்பட்டன. 210 முடிவுகளில் 92இல், அதே திருத்துநர் அதே தாளுக்குத் தாம் முன்பு வழங்கிய தேர்ச்சி நிலையை மாற்றியிருந்தார்.

இரு வேறு தீர்வுகள்

இச்சிக்கலுக்கு இரு வகைத் தீர்வுகள் தோன்றின. முதலாவது, பகுதி மதிப்பெண்ணையே நீக்குவது. அமெரிக்காவில் ஃபிரெடரிக் கெல்லி 1915ஐ ஒட்டி உருவாக்கிய கான்சாஸ் வாசிப்புத் தேர்வு, ஒவ்வொரு வினாவுக்கும் ஒரே ஒரு சரியான விடை என்ற விதியில் அமைந்தது. முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு நடத்தப்பட்ட தேர்வுகள் பலவுள் தெரிவு முறையைப் பரப்பின. 1938இல் ஐபிஎம் நிறுவனத்தின் திருத்தும் இயந்திரம் வந்தபின் விரைவும் சீர்மையும் கூடின. ஆனால் ஏறத்தாழ அறிந்தவரும், ஒன்றும் அறியாதவரும் ஒரே பூச்சியத்தைப் பெற்றனர்.

இரண்டாவது, பகுதி மதிப்பெண்ணை விதிகளால் கட்டுப்படுத்துவது. பிரித்தானியத் தேர்வு வாரியங்களின் கணித விடைக்குறிப்புகளில் மதிப்பெண்கள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. சரியான வழிமுறைக்கு 'எம்', அதைப் பின்பற்றிப் பெறும் சரியான மதிப்புக்கு 'ஏ', வழிமுறையைச் சாராத தனிக் கூறுக்கு 'பி' என்ற குறிகள் இடப்படும். வழிமுறை மதிப்பெண் கிடைக்காவிடில் அதைச் சார்ந்த துல்லிய மதிப்பெண்ணும் பொதுவாகக் கிடைக்காது.

இதில் முதன்மையானது தொடர்பிழை விதி. ஒரு பிழைக்கு ஒருமுறை மட்டுமே மதிப்பெண் குறைக்க வேண்டும் என்பது இதன் சாரம். எடுத்துக்காட்டாக, 7 மீட்டர் ஆரமும் 10 மீட்டர் உயரமும் கொண்ட உருளைத் தொட்டியை நிரப்ப, கன மீட்டருக்கு 2 ரூபாய் வீதம் ஆகும் செலவைக் காணும் 5 மதிப்பெண் வினாவைக் கொள்ளலாம். சூத்திரம், பிரதியிடல், கன அளவு, செலவு காணும் வழி, இறுதி விடை ஆகியவற்றுக்குத் தலா 1 மதிப்பெண். சரியான கன அளவு 1,540 கன மீட்டர். செலவு 3,080 ரூபாய். ஒரு மாணவர் 7இன் வர்க்கத்தை 14 எனக் கொண்டு, கன அளவு 440 என்றும் செலவு 880 ரூபாய் என்றும் எழுதுகிறார்.

இறுதி விடையை மட்டும் பார்த்தால் அவருக்கு 0. பிழை நேர்ந்த இடத்தோடு திருத்தத்தை நிறுத்தினால் 2. அதன் பின்னும் வழிமுறைக்கு மதிப்பெண் தந்தால் 3. தொடர்பிழை விதிப்படி, 440ஐக் கொண்டு செலவைச் சரியாகவே கணித்திருப்பதால் 4. நான்கு மதிப்பெண்களும் ஒரே விடைக்கு உரியவை. அவற்றைப் பிரிப்பது மாணவரின் திறன் அன்று, விதியே.

தொடர்பிழை விதிக்கு எல்லைகளும் உண்டு. பிழையினால் கணக்கு மிகவும் எளிதாகிவிட்டால் பின்வரும் படிகளுக்கு முழு மதிப்பெண் தரப்படுவதில்லை. நிகழ்தகவு 1ஐ விடக் கூடுதலாக வருவது போன்ற பொருந்தாத விடைகளுக்கும் இச்சலுகை பொதுவாக இல்லை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் பொதுத் தேர்வு விடைத்தாள்கள், திருத்தும் முகாம்களில் வைத்து, அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்கும் விடைக்குறிப்பின்படி மதிப்பிடப்படுகின்றன. உதவித் தேர்வாளர் திருத்திய தாள்களை முதன்மைத் தேர்வாளரும் கூர்ந்தாய்வாளரும் சரிபார்க்கின்றனர். கணிதத்திலும் இயற்பியலிலும் படிவாரியாக மதிப்பெண் பிரித்துத் தரப்படுகிறது. விடைத்தாள் நகல் பெறுதல், மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகிய வசதிகளில் மறுகூட்டல் கூட்டல் பிழையை மட்டுமே நீக்கும். பகுதி மதிப்பெண் பற்றிய குறைக்கு மறுமதிப்பீடே வழி. எனவே நகலை விடைக்குறிப்போடு படிப்படியாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே எதற்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்வது பயன் தரும்.

புதிய வடிவங்கள்

பலவுள் தெரிவு முறையிலும் பகுதி மதிப்பெண் பின்னர் திரும்பி வந்தது. 1953இல் கிளைட் கூம்ப்ஸ், சரியான விடையைத் தெரிவதற்குப் பதிலாகத் தவறானவற்றை அடித்துவிடும் முறையை முன்வைத்தார். நான்கு தெரிவுகளில் ஒவ்வொரு தவறான தெரிவை நீக்கினாலும் 1 மதிப்பெண். சரியானதை நீக்கிவிட்டால் 3 மதிப்பெண் குறையும். இந்தியாவில் 2018இன் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் கொண்ட வினாக்களுக்கு முழு விடை எனில் 4, பகுதி விடை எனில் 3, 2 அல்லது 1, தவறான தெரிவு கலந்தால் 2 மதிப்பெண் குறைப்பு என விதிக்கப்பட்டது.

1982இல் ஜெஃப் மாஸ்டர்ஸ், டென்மார்க்கின் ராஷ் உருவாக்கிய புள்ளியியல் மாதிரியை விரிவாக்கிப் பகுதி மதிப்பெண் மாதிரியை வெளியிட்டார். 1இலிருந்து 2க்குச் செல்வதும் 2இலிருந்து 3க்குச் செல்வதும் ஒரே அளவு கடினமானவை அல்ல என்பதை இது கணக்கில் கொள்கிறது.

தொடரும் விவாதம்

பகுதி மதிப்பெண் எதற்கு உரியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடில் ஒவ்வொரு கணக்குக்கும் 7 புள்ளிகள் உண்டு; நிறுவலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தால் மட்டுமே இடைப்பட்ட புள்ளிகள் கிடைக்கும். அமெரிக்காவின் புட்னம் போட்டி இதைவிடக் கடுமையானது. மொத்தம் 120 புள்ளிகள் கொண்ட அதில் இடைநிலைப் புள்ளி பல ஆண்டுகளில் 0 அல்லது 1 ஆகவே இருந்துள்ளது. பாலம் கட்டுபவரும் மருந்தளவு கணக்கிடுபவரும் வழிமுறையை மட்டும் சரியாக அறிந்திருந்தால் போதாது என்பது கண்டிப்பை வலியுறுத்துவோரின் வாதம். கற்கும் நிலையில் உள்ளவர் எதை அறிந்துள்ளார் என்பதை அளப்பதே பள்ளித் தேர்வின் நோக்கம், ஒரு கூட்டல் பிழை அதை மறைத்துவிடக் கூடாது என்பது மறுதரப்பின் வாதம். எந்த நிலைப்பாட்டை ஏற்றாலும், விதி எல்லாத் திருத்துநர்க்கும் ஒன்றாக இருப்பதும், மாணவர்க்கு முன்னரே தெரிந்திருப்பதும் தேவை என்பதை எட்ஜ்வர்த் காலம் தொட்டு நடந்த ஆய்வுகள் உணர்த்துகின்றன.