பூசை காணாத வேதக்காரர்: அபே துபுவாவுக்கு ஒரு மறுப்பு

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகாதவரைக் கிறித்தவர் என்று சொல்லலாமா? அரியலூர், பெரம்பலூர் பக்கத்துச் சபைகளின் வரலாற்றை எழுதப் புகுபவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. தாண்டவிடாமல் வழியில் நிற்பவர் அபே துபுவா.

1792 முதல் 1823 வரை தென்னாட்டில், பெரும்பாலும் மைசூர்ச் சீமையில், ஊழியம் செய்தவர் அவர். 1823இல் லண்டனில் வெளியான அவருடைய கடிதங்கள் இந்நாட்டுக் கிறித்தவம் வெறும் பெயரளவுக் கிறித்தவம் என்று தீர்ப்பெழுதின. நெடுங்கால உழைப்பில் தாம் சேர்த்தது இருநூறு முந்நூறு பேர்தான் என்றும் அவர்களிலும் பலர் பிழைப்புக்காக வந்தவர்கள் என்றும் சலித்துக்கொள்கிறார். திருவிழா இரவில் தாரை தப்பட்டையோடு போகும் சப்பரத்தைப் பார்க்கவே தமக்கு வெட்கமாக இருந்தது என்கிறார். இந்துப் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் பெயரில் வந்த நூலின் பெரும்பகுதி கேர்து என்ற சேசு சபைப் பாதிரியாரின் குறிப்புகளிலிருந்து எடுத்தது என்று பின்னாளில் தெரியவந்தது. கடிதங்களில் உள்ள கசப்பு மட்டும் அவருடைய சொந்தச் சரக்குதான். பாளையங்கோட்டையில் பணியாற்றிய ஹஃப் பாதிரியார் 1824இலேயே மறுப்பு எழுதினார். ஆனால் அது சீர்திருத்தச் சபையின் சார்பில் எழுந்த மறுப்பு. சேசு சபையார் நடத்திய மதுரை மிஷன் ஊர்களின் பக்கம் நின்று அது பேசவில்லை.

துபுவாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்பதாண்டுக்கு முன் இருந்த கிறித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்கிறார் அவர். அந்த எண்பதாண்டில் நடந்தது என்ன? 1759இல் போர்த்துகல் அரசு தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து சேசு சபையாரை வெளியேற்றியது. 1773இல் போப்பாண்டவர் அச்சபையையே கலைத்தார். அவர்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1838 வாக்கில். சாமியார் முகம் காண்பதே அரிதான அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்கு நின்றது. அவர் தோல்வி என்று காட்டும் அந்த எண்ணுக்கே நான் விளக்கம் கேட்கிறேன். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. இவர்களைப் பிடித்து நிறுத்தியது எது?

ஞாயிறும் கடன் திருநாளும் பூசை காண்பது திருச்சபைக் கட்டளை என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1215ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் விதித்த குறைந்தபட்சம் ஆண்டுக்கு ஒரு பாவசங்கீர்த்தனமும் பாஸ்கா காலத்தில் ஒரு நற்கருணையும்தான். 1614ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூல் பங்குக் குருவை ஐந்து பதிவேடுகள் வைக்கச் சொல்கிறது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், குடும்ப நிலவரம், மரணம். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் யார், வராதவர் யார் என்று குறிக்க அதில் ஏடு கிடையாது.

சேசு சபைக் குருவான வீரமாமுனிவர் 1727இல் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியது உபதேசியார்களுக்காக. சாமியார் ஒரு சுற்று முடித்து வரும்வரை குழந்தைக்கு மந்திரம் கற்பிப்பது, சாகக் கிடப்பவருக்குத் துணை நிற்பது, செபம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர்கள் தலையில்தான் விடிந்தன. ஆக, கூடிச் செபிப்பது அன்றும் இருந்தது; பூசைதான் அபூர்வம். துபுவாவின் கண்ணுக்குச் சப்பரம் தெரிந்தது, உபதேசியார் வீட்டுத் திண்ணை தெரியவில்லை.

இங்கேதான் ஏலாக்குறிச்சிக் கல்வெட்டைக் கொண்டுவர விரும்புகிறேன். கொள்ளிடத்துக்கு வடக்கே, வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பாடிய ஊர். அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவையை முனிவர் தீர்த்தார், நன்றிக்கடனாக மழவராயர் அடைக்கல மாதா கோயிலுக்கு நிலம் விட்டார் என்பது ஊர் வழக்கு. அந்தக் கொடையைச் சொல்லும் கல்வெட்டின் ஆண்டாக வழங்குவது 1763. ஆனால் முனிவர் 1742இல் இறந்தார் என்பது அவருடைய வரலாற்றை எழுதிய முத்துசாமிப் பிள்ளை வழிவந்த மரபு. 1747இல் அம்பழக்காட்டில் என்பது சேசு சபை ஆவணங்களின் கணக்கு. எதை ஏற்றாலும் கல் அவருக்குப் பிந்தியது. பழைய கொடையைப் பிறகு கல்லில் வெட்டியிருக்கலாம். நோய் தீர்ந்த கதை பின்னால் வந்து ஒட்டியிருக்கவும் கூடும். எது என்று என்னால் அறுதியிட முடியவில்லை.

ஆனாலும் 1763 என்ற ஆண்டை நான் எளிதில் விடமாட்டேன். போர்த்துகல் சேசு சபையாரை வெளியேற்றி நான்காண்டு, அச்சபை கலைய இன்னும் பத்தாண்டு. அந்த நேரத்தில் நிலத்தின் உரிமை கல்லில் ஏறுகிறது. சாமியார் வந்தாலும் வராவிட்டாலும் விளக்கெரிக்கவும் திருவிழா நடத்தவும் கோயில்பிள்ளைக்குப் படியளக்கவும் வழி வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இது ஊகம்தான். ஆயினும் அடுத்த அறுபது எழுபதாண்டு இக்கோயில் மாதாவின் பெயரால் நிலைத்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மழவராயர் ஞானஸ்நானம் பெறாமலே மாதாவுக்கு நிலம் விட்டவர் என்பதும் துபுவாவின் ‘பெயரளவு’ப் பட்டியலில் அடங்காத செய்தி.

1838க்குப் பின் வேறொரு சிக்கல். கோவா குருக்களுக்கும் பிரெஞ்சுக் குருக்களுக்கும் இடையே அதிகாரப் போட்டி எழுந்து, உரோமையும் போர்த்துகலும் செய்துகொண்ட 1886 உடன்படிக்கை வரை புகைந்தது. தமக்கு ஒப்பாத சாமியார் வைக்கும் பூசைக்கு மக்கள் போகவில்லை. அதனால் தாம் வேதத்தை விட்டுவிட்டதாக அவர்கள் நினைக்கவும் இல்லை. வாரந்தோறும் பூசை காண்பது ஒருவரின் விசுவாசத்துக்கு அளவுகோலாக இப்பகுதியில் எப்போது மாறியது? அந்த உடன்படிக்கையை ஒட்டியா, 1899இல் கும்பகோணம் மறைமாவட்டம் ஏற்பட்டுப் பங்குகள் பெருகிய பிறகா? இரண்டாவதே பொருந்தும் என்று கருதுகிறேன். ஆண்டு குறித்துச் சொல்லத் துணியமாட்டேன்.