விளக்குக்கு எண் கொடுப்பது யார்?

ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அக்கம்பக்கத்தில் விசாரித்துச் சரியான வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். கட்டடங்களில் விளக்கையும் குளிர்சாதனத்தையும் இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

1883-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஆசிரியர் வாரன் ஜான்சன், அறையின் வெப்பநிலையை மணியடித்து அறிவிக்கும் மின்கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கருவிக்கொரு தனிக் கம்பி இருக்கும்வரை, எந்தக் கம்பியில் செய்தி வந்ததோ அதுவே முகவரி. நுண்செயலிகள் மலிவான பின்பு, பல கருவிகள் ஒரு சோடிக் கம்பியைப் பங்கிட்டுக்கொள்ளத் தொடங்கின. 1983-இல் வெளியான ஆர்.எஸ்.485 என்னும் தரம் இதற்குப் பெரிதும் உதவியது. முகவரித் தொல்லையும் கூடவே வந்தது.

தொடக்கத்தில் ஒவ்வொரு கருவியிலும் எட்டுச் சிறு ஸ்விட்சுகள் இருந்தன. அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8 என்று இரட்டித்து 128 வரை செல்லும். 37 என்ற எண் வேண்டுமா? 32, 4, 1 ஆகிய மூன்றையும் போடவேண்டும். ஏணியின் உச்சியில், மங்கிய வெளிச்சத்தில், நூறாவது கருவிக்கு இதைச் செய்யும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள்! விரல் நுனியளவு தவறினால் ஒரே எண்ணில் இரு கருவிகள் அமைந்துவிடும். இரண்டும் ஒருங்கே பேசும், எதுவும் விளங்காது.

1987-இல் பணி தொடங்கி 1995-இல் வெளியான பேக்நெட் தரத்தில், பேசும் உரிமை ஓர் ‘டோக்கன்’ போலக் கைமாறுகிறது. ‘அடுத்த எண்ணில் யாரேனும் உண்டா?’ என்று கருவிகள் அவ்வப்போது கேட்பதால், புதிதாக வந்த கருவி தானாகவே வரிசையில் சேர்ந்துகொள்ளும். ஆனால் அதன் எண்ணை ஆள்தான் வைக்கவேண்டியிருந்தது. எஷலான் நிறுவனத்தாரோ நியூரான் சில்லுக்குள் 48 பிட் எண்ணைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிட்டார்கள். ஏறத்தாழ 281 இலட்சம் கோடி எண்கள், இரட்டிக்கும் அச்சமில்லை.

என் மனத்தைக் கவர்ந்தது டாலி முறைதான். 1990-களின் இறுதியில் ஐரோப்பிய விளக்குக் கருவித் தயாரிப்பாளர்கள் உருவாக்கியது இது. ஓர் இணைப்பில் 64 விளக்குக் கருவிகள் வரை இருக்கலாம். தலைமைக் கருவி, ‘ஒவ்வொருவரும் மனம்போல ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கட்டளையிடும். ஏறக்குறைய 1 கோடியே 67 இலட்சம் எண்களில் ஒன்றை ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும். பின்பு, ‘84 இலட்சமோ அதற்குக் குறைவோ வைத்திருப்பவர் உண்டா?’ என்ற கேள்வி. விடை ‘ஆம்’ என்பது மட்டுமே. பத்துப் பேர் சேர்ந்து சொன்னாலும் ‘ஆம்’ ‘ஆம்’தானே! பேச்சு மோதுவதுகூட இங்கே கெடுதல் செய்வதில்லை. இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால், சுமார் 24 கேள்விகளில் மிகச் சிறிய எண்ணை உடையது அகப்பட்டுவிடும். அதற்கு 0 என்ற குறுமுகவரியைக் கொடுத்து ஒதுக்கிவிட்டு, அடுத்ததைத் தேடவேண்டியதுதான். இரு கருவிகள் ஒரே எண்ணை எடுத்துவிடாவா என்று கேட்பீர்கள். 64 கருவிகள் இருந்தாலும் அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 8,300-இல் ஒன்றே.

எண்கள் கிடைத்துவிட்டன. ஆனால் 17-ஆம் எண் மாடிப்படி விளக்கா, கூட்ட அறை விளக்கா? அது கம்பிக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வோர் எண்ணாக விளக்கை மினுக்கச் செய்து, கையில் வரைபடத்துடன் ஒருவர் அறை அறையாக நடந்து குறித்துக்கொள்கிறார்.