வெல்லம் கரையும் குளமும் ஒரு சோதனைக் குழாயும்

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை வைத்திய வீரராகவர் என்பார்கள். குளத்தில் வெல்லத்தைப் போட்டு, அது கரைவதுபோல் நோயும் கரையட்டும் என்று வேண்டிக்கொள்வது பழைய வழக்கம். போன அமாவாசைக்கு அந்தப் படிக்கட்டில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலை வேலை. வயது 43. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். சிகிச்சைச் செலவு காப்பீட்டில் போய்விடுகிறது. ஆனால் அந்த இரண்டு நாளும் அவனுக்கும் கூலி இல்லை, துணைக்குப் போகும் மனைவிக்கும் இல்லை. "பி.பி. இருந்ததே தெரியாது சார்" என்றான்.

வரலாற்று வாத்தியாருக்கு இந்த நேரத்திலும் வருடங்கள்தான் ஞாபகம் வரும். நெதர்லாந்தில் கோல்ஃப் என்ற மருத்துவர் டயாலிசிஸ் இயந்திரத்தை உருவாக்கியது 1943-ல், போருக்கு நடுவே. வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றி பெற்றது 1971-ல். பெரிய சாதனைகள்தான். ஏழைக்கு எட்டுமா?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் சென்னை சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. மாற்று சிகிச்சையில் பேர்பெற்றவரே தடுப்புப் பக்கம் திரும்பினார். அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990-களில் சென்னைக்கு வெளியே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களை எடுத்துக்கொண்டது. வீடு வீடாகப் போனவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். பி.பி. பார்த்தார்கள். சிறுநீரில் ஓர் அமிலத்தை விட்டால் கலங்குகிறதா என்று பார்த்தார்கள். கலங்கினால் புரதம் கசிகிறது. சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். ஆமாம், நம் பள்ளி லேபில் சூடுபண்ணினால் செங்கல் நிறமாகுமே, அதேதான்! பிடிபட்டவர்களுக்கு விலை மலிந்த பழைய மாத்திரைகள். ஆளுக்கு ஆண்டுச் செலவு அரை டாலர்கூட இல்லை என்று 2003-ல் 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் எழுதினார். பின்னர் புதிய ஊர்களைச் சேர்த்தபோது, சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் அங்கேதான் அதிகம். பல வருடம் கவனித்த ஊர்களில் குறைவு.

அரசு 'சிறுநீரகம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது 2023-ல். தாமதம்தான், ஆனாலும் வரவேற்கிறேன். சிறுநீரகம் பெரும்பகுதி கெடும்வரை வலிக்காது, வீங்காது. வலித்தால்தான் ஆஸ்பத்திரி என்பவர்களுக்கு இது பொல்லாத நோய்.

மாணவனின் தம்பிக்கும் அதே ஆலையில் வேலை. "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று சிரித்தான். திங்கட்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். நானும் போகிறேன், எனக்கும் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.