தனுஷ்கோடி: மணல்திட்டில் எழுந்த துறைமுகம்

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு தனுஷ்கோடி. அதன் வடபுறம் பாக் நீரிணை, தென்புறம் மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும் மீனவர் அழைப்பர். தமிழகக் கரையிலிருந்து இலங்கைக்கு மிகக் குறுகிய கடல்வழி இங்கிருந்துதான் செல்கிறது. இந்த அமைப்பே ஊரை வளர்த்தது. 1964 டிசம்பரில் புயல் தாக்கியபோது அதன் அழிவுக்கும் இதுவே பெருங்காரணமாயிற்று.

இரு கடல்களும் கூடும் இடத்தில் நீராடுவதற்கு யாத்திரிகர் நெடுங்காலமாகவே இங்கு வந்துகொண்டிருந்தனர். ஊர் துறைமுகமாக மாறியது 1914இல். அதுவரை கொழும்புக்குப் போவோர் தூத்துக்குடி வரை ரயிலில் சென்று அங்கிருந்து கப்பல் ஏறினர். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் ரயில் பாதை தனுஷ்கோடி வரை நீண்டது. சென்னை எழும்பூரில் புறப்படும் போட் மெயில் ரயில் துறைமுகத்துக்கே வரும். பயணிகள் கப்பலில் ஏறி, சுமார் 35 கி.மீ. கடந்து தலைமன்னாரில் இறங்கி, காத்திருக்கும் ரயிலில் கொழும்புக்குச் செல்வர். பிற்காலத்தில் இர்வின், கோஷன் ஆகிய கப்பல்கள் இவ்வழியில் ஓடின. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் பெருந்திரள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு இத்துறை வழியாகவே கடல் கடந்தது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம் எல்லாம் அந்த மணல்மேட்டில் எழுந்தன. அவை நின்ற தரை கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரமே இருந்தது.

வங்கக்கடலில் புயல்கள் பெரும்பாலும் இரண்டு பருவங்களில் உருவாகின்றன: ஒன்று ஏப்ரல், மே, மற்றொன்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி, அந்த வெப்பம் சில பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்க வேண்டும். அந்நீரிலிருந்து எழும் ஆவி மேலே குளிர்ந்து மேகமாகும்போது, தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளிவிடுகிறது. சூடேறிய காற்று மேலும் உயர, கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றிலுமுள்ள ஈரக்காற்று அவ்விடத்தை நோக்கி விரைகிறது. பூமியின் சுழற்சி அக்காற்றைத் திருப்பிவிடுவதால், வட அரைக்கோளத்தில் அது இடஞ்சுழியாகச் சுழல்கிறது. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் மாறாதிருந்தால் சுழல் சிதையாமல் வலுக்கும். நிலநடுக்கோட்டின் அருகே இந்தத் திருப்பு விசை மிகக் குறைவு. எனவே 5 பாகை அட்சத்துக்குள் புயல் உருவாவது அரிது.

1964ஆம் ஆண்டுப் புயல் அந்த எல்லையை ஒட்டியே பிறந்தது. டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய தாழ்வு மண்டலம் 19ஆம் தேதி புயலாக வலுத்து மேற்கு நோக்கி நகர்ந்தது. 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவே பாக் நீரிணைக்குள் புகுந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கி.மீ. வரை எட்டியிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது.

புயல் காற்று, மழை, கடல் எழுச்சி என மூன்று வழிகளில் கேடு செய்யும். காற்று கூரைகளையும் மரங்களையும் பெயர்க்கும். மழை உள்நாடு வரை வெள்ளமாகும். ஆனால் கரையோரத்தில் மிகுந்த உயிரைப் பறிப்பது கடல் எழுச்சியே. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். எழுச்சியின் பெரும்பங்கு இதனால் அன்று, கரையை நோக்கி நீரைத் தள்ளும் காற்றினால் வருகிறது. ஆழ்கடலில் அவ்வாறு தள்ளப்படும் நீர் கீழிறங்கித் திரும்பிவிடும். ஆழமற்ற கடலில் அதற்கு இடமில்லாததால் நீர் கரைமேல் ஏறுகிறது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அங்கு எழுந்த நீருக்குத் தனுஷ்கோடியின் மணல்திட்டு தடையாகவில்லை. 3 முதல் 5 மீட்டர் வரை கடல் எழுந்ததாகக் கணக்கிடப்பட்டது; 7 மீட்டர் என்றும் கூறப்படுவதுண்டு. உயர்ந்த நிலம் அருகில் இல்லாததால் மக்கள் ஏறி நிற்கவும் இடமின்றிப் போயிற்று.

அன்றிரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடிக்குச் சற்று முன்பே நீரில் மூழ்கியது. அதில் 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியரும் இருந்ததாகப் பதிவு சொல்கிறது, ஒருவரும் பிழைக்கவில்லை. தந்தித் தொடர்பு அறுந்ததால் ஊருக்கு நேர்ந்தது வெளியே தெரியத் தாமதமாயிற்று. இந்தியாவிலும் இலங்கையிலுமாக இப்புயலில் இறந்தோர் சுமார் 1,800 பேர் என்பர்.

பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை கடலில் விழுந்தன. கப்பல்களுக்கு வழிவிட உயரும் நடுப்பகுதி தப்பியது. அப்போது ரயில்வேயின் இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனின் பொறுப்பில், கடலடியிலிருந்து உத்தரங்கள் மீட்கப்பட்டு, 46 நாட்களில் பாலம் சீரானது. தனுஷ்கோடிப் பாதை மட்டும் மீண்டும் போடப்படவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று சென்னை மாநில அரசு அறிவித்தது. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாறி, 1980களில் இலங்கைப் போர்ச் சூழலில் நின்றுபோனது. தேவாலயம், ரயில் நிலையம் ஆகியவற்றின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. குடிசை போட்டு மீன்பிடிக்கும் குடும்பங்கள் ஊரை முற்றாக விட்டுவிடவில்லை. 2017இல் மணல்திட்டின் கடைமுனையான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875 முதல் இயங்கிவந்தபோதிலும், 1964இல் நடுக்கடல் புயலை அறியப் பெரும்பாலும் கப்பல்களிலிருந்து வரும் செய்திகளையும் கரையோர நிலையங்களின் அளவீடுகளையுமே நம்ப வேண்டியிருந்தது. கிழக்குக் கரையில் புயல் கண்காணிப்பு ரேடார்கள் 1970களில் அமைந்தன. 1980களில் இன்சாட் செயற்கைக்கோள்கள் வந்தன. இன்று பல நாட்களுக்கு முன்பே புயலின் பாதை கணிக்கப்படுகிறது. கடல் எவ்வளவு உயரும் என்பதும் தனியே அறிவிக்கப்படுகிறது. தனுஷ்கோடியைப் போன்ற தாழ்ந்த கரைகளில் எழும் கடலைத் தடுக்க வழியில்லை. எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டி, மக்கள் அங்கிருந்து வெளியேறுவதே அங்கு உயிர்காக்கும் வழி.