வாகனப் பற்றரி: குளிரில் வலுக்குறைவைக் கண்டறிதல்

வாகனப் பற்றரி என்பது எஞ்சினைச் சுழற்றித் தொடக்கத் தேவையான மின்னைத் தேக்கிவைக்கும் ஈய-அமில மின்கலவடுக்கு. 12 வோல்ட் பற்றரியில், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும் 6 கலங்கள் தொடராக இணைந்திருக்கும். அதன் தளர்ச்சி பெரும்பாலும் குளிர்ந்த விடியலில்தான் வெளிப்படும். கற்பிட்டி முதல் சிலாபம் வரையான புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் கடுங்குளிர் கிடையாது. அங்கே பற்றரியைக் கெடுப்பது வெப்பம். மலைநாட்டுக்குப் போகையில் குளிர் அக்கேட்டைக் காட்டிக்கொடுக்கிறது.

வரலாறு

வோல்டா 1800 இல் அமைத்த மின்னடுக்கு ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை 1859 இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே ஆக்கினார். இரு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி சுருட்டி, ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்த்தியதே அக்கலம். அத்தகடுகளைப் பக்குவப்படுத்த, மின்னேற்றமும் இறக்கமும் நெடுநாள் மாறிமாறி நடத்த வேண்டியிருந்தது. 1881 இல் கமீல் ஃபோர் தகட்டின்மீது ஈய ஒட்சைட்டுப் பசையைப் பூசி அந்தக் காத்திருப்பைக் குறைத்தார். அதே ஆண்டில் ஈயத்துடன் அந்திமனி கலந்த உறுதியான சட்டகமும் வந்தது.

தொடக்ககாலக் கார்களைக் கைப்பிடியால் சுற்றியே தொடக்கினர். கைப்பிடி பின்னுதைத்துக் கை முறிவதும் உண்டு. காசுப்பதிவுப் பொறிக்கு மின்மோட்டர் பொருத்திய சார்ல்ஸ் கெட்டரிங், சிறிதுநேரம் பெருஞ்சுமை தாங்கும் அதே மோட்டர் நுட்பத்தை எஞ்சினுக்குக் கொண்டுவந்தார். 1912 ஆம் ஆண்டுக் கடிலக் கார் இவ்வாறு மின்தொடக்கியுடன் விற்பனைக்கு வந்தது. 1950களில் எஞ்சின்கள் பெருக்க, 6 வோல்ட் முறை 12 வோல்டுக்கு இடம்விட்டது.

குளிரும் வெப்பமும்

குளிரில் கலத்தின் வேதித்தாக்கம் மந்தமாகிறது; எஞ்சின் எண்ணெயும் தடித்துவிடுகிறது. கொடுப்பது குறையும் வேளையில் கேட்பது கூடுகிறது. −18°செ. இல் பற்றரியின் கொள்ளளவு ஏறத்தாழப் பாதியாகும். உறையில் பொறித்த குளிர்த்தொடக்க அம்பியர் எண் அவ்வெப்பநிலைக்கே உரியது: 30 செக்கன் அம்மின்னோட்டத்தைக் கொடுத்தும் அழுத்தம் 7.2 வோல்டுக்குக் கீழே இறங்கலாகாது.

வெப்பம் மெதுவாகக் கொல்கிறது. நீர் ஆவியாகிறது, சட்டகம் அரிக்கப்படுகிறது. வெப்பநிலை 10°செ. கூடினால் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவிதி. புத்தளத்தில் இரண்டொரு ஆண்டு வெந்த பற்றரி ஊருக்குள் குறையின்றி ஓடும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில், புல்லில் உறைபனி படியும் சனவரி விடியலில் ‘டிக்’ என்ற ஒலியோடு நின்றுவிடும்.

கண்டறிதல்

திறப்பைத் திருப்பும்போது முன்விளக்குகளைப் பார்க்க வேண்டும். மங்கி அணைந்தால் பற்றரியோ அதன் இணைப்போ பழுது. ஒளி குன்றாமல் எஞ்சின் மட்டும் சுழலாவிட்டால் ஸ்டாட்டர் மோட்டரை ஆராய வேண்டும். உப்பளமும் கடற்காற்றும் உள்ள இக்கரையோரத்தில் முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருப்பது வழமை. அதை அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, கிறீஸ் பூசிய பின்பே மற்றச் சோதனைகள்.

சில மணிநேரம் ஓய்ந்திருந்த பற்றரியில் 12.6 வோல்ட் நிறைமின்னையும், 12.2 வோல்ட் பாதியையும், 12.0 வோல்ட் கால்பங்கையும் குறிக்கும். தொடக்கும்போது அழுத்தம் 9.6 வோல்டுக்குக் கீழே சரிந்தால் பற்றரி தளர்ந்துள்ளது. குளிரில் இவ்வெல்லை சற்றுக் குறையும். எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டாவிட்டால் குற்றம் அல்டர்னேற்றரிலோ அதன் பட்டியிலோ இருக்கும்.

இவை யாவற்றிலும் நம்பத்தக்கது அமிலத்தின் செறிவை அளக்கும் நீரமானி. நிறைமின்னில் அமிலத்தின் தன்னீர்ப்பு சுமார் 1.265, பாதியில் 1.190. 27°செ. க்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் 0.007 கூட்டவும், கீழே கழிக்கவும் வேண்டும். நுவரெலியாவில் 7°செ. இல் 1.240 காட்டும் அமிலத்தின் உண்மையளவு 1.226. ஒரு கலம் மற்றவற்றிலிருந்து 0.050 விலகினால் அக்கலம் கெட்டது. குறைந்த மட்டத்துக்கு வடிநீரே ஊற்ற வேண்டும். அமிலம் ஊற்றுவது பழுதை மறைக்கும்.

இன்றைய நிலை

பராமரிப்பு வேண்டாத மூடிய பற்றரிகள் இப்போது பரவலாகிவிட்டன. அவற்றுக்குள் நீரமானி நுழையாது; மின்சுமை ஏற்றி அழுத்த வீழ்ச்சியைப் பார்க்கும் சுமைச்சோதனையே வழி.